சிக்கிப்போன இன்ஜெக்டரை வீட்டு வாசலில் மாற்றிய கதை

நண்பர்களுக்கு வணக்கம். பழைய பெட்ரோல் காரில் ஒரு சிலிண்டர் படுத்துவிட்டால், ‘இன்ஜெக்டர் போயிற்று, நான்கையும் மாற்றிவிடலாம்’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைத் தெளிக்கும் சின்ன மின் வால்வுதான் இன்ஜெக்டர்.) என்னிடம் இருப்பது 2005-ஆம் ஆண்டு சான்ட்ரோ. அதில் சிக்கியதும் இன்ஜெக்டர்தான். ஆனால் ஒன்றே ஒன்று. அதைக் கழற்றி மாட்டிய நேரத்தைவிட, கோளாறு அதில்தான் என்று உறுதி செய்துகொள்ளப் பிடித்த நேரம் அதிகம். மற்ற மூன்றின் விலை மிச்சமானது அதனால்தான்.

காரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மழைக்காலம் முழுக்க உறை போட்டு நின்றிருந்த வண்டி. நின்ற வண்டியில் பெட்ரோல் மெல்ல ஆவியாகி, மிஞ்சுவது பிசினாகப் படியும். இன்ஜெக்டருக்குள் இருக்கும் ஊசி, கம்பிச்சுருளில் மின்சாரம் பாயும்போது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் எழும்பும். ஐட்லிங்கில் அது திறந்திருப்பதே சில மில்லி விநாடிகள். அந்த இடுக்கில் பிசின் படிந்தால் ஊசி அசையாது.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். வேலை செய்யும் சிலிண்டரின் கனெக்டரைப் பிடுங்கினால் இன்ஜின் இன்னும் தள்ளாடும். மூன்றாவதைப் பிடுங்கியபோது எந்த மாற்றமும் இல்லை. (சிலர் இதற்குப் பிளக் வயரைப் பிடுங்குவார்கள். ஷாக் அடிப்பது ஒருபுறம் இருக்க, எரியாத பெட்ரோல் நேராகப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதையும் சுட்டுத் தீர்த்துவிடும்.) மூன்றாவதன் பிளக்கையும் வயரையும் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றினேன், மிஸ்ஸிங் (சிலிண்டர் எரியாமல் தவறுவது) இடம் மாறவில்லை. கழற்றிய பிளக் உலர்ந்திருந்தது, பெட்ரோல் வாசனையே இல்லை. கம்ப்ரெஷனும் சரியாக இருந்தது.

அடுத்து நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜெக்டர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டேன். மற்ற மூன்றிலும் ‘டிக் டிக் டிக்’ என்று தெளிவாகக் கேட்டது, மூன்றாவதில் மட்டும் மௌனம். மல்டிமீட்டரில் நான்கும் 14 ஓம் அளவிலேயே காட்டின. ஆகவே சுருள் அறுந்திருக்கவில்லை. அந்தக் கனெக்டரில் இன்ஜெக்டர் சோதனை விளக்கைச் செருகி இன்ஜினைச் சுற்றவிட்டபோது அது மின்னியது. இன்ஜினின் கம்ப்யூட்டர் ஆணையிடுகிறது, ஊசிதான் கேட்கவில்லை. இவ்வளவும் தெரிந்த பிறகே ஸ்பேனரைக் கையில் எடுத்தேன்.

ரெயிலில், அதாவது நான்கு இன்ஜெக்டர்களுக்கும் பெட்ரோல் கொடுக்கும் குழாயில், நிற்கும் பெட்ரோலின் அழுத்தம் ஏறத்தாழ 3 பார். அப்படியே கழற்றினால் முகத்தில் பீய்ச்சும். பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் பம்ப் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட வேண்டும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, இன்ஜின் ஆறக் காத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மாலையில் வாசலில் விளக்கு வைப்பது வழக்கம். அன்று பூஜை அறையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டேன். கொசுவர்த்தியும் கூடாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

இன்ஜெக்டர்களின் அடியைச் சுற்றி இருந்த மண்ணைப் பிரஷ்ஷால் தட்டி, காற்றடித்துச் சுத்தம் செய்துவிட்டு ரெயிலின் போல்ட்டுகளைக் கழற்றினேன். ரெயிலோடு மூன்று இன்ஜெக்டர்கள் வந்தன. மூன்றாவது மட்டும் மேனிஃபோல்டிலேயே (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயிலேயே) உட்கார்ந்துகொண்டது. ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். நெம்பினால் முனையிலுள்ள பிளாஸ்டிக் மூடி உடையும். உடைந்த துண்டு நேரே வால்வை நோக்கிப் போகும். அப்புறம் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். துரு நீக்கும் எண்ணெயை அடியில் தெளித்து, மற்ற துளைகளைச் சுத்தமான துணியால் அடைத்துவிட்டுப் படுக்கப் போனேன். காலையில் துணி சுற்றிய கையால் இடமும் வலமுமாகத் திருகத் திருக, ‘சக்’ என்று கையோடு வந்தது. கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான கீழ் ஓ-ரிங் உருண்டை வடிவம் இழந்து பட்டையாகி, நகம் பட்டவுடன் நொறுங்கியது. முனையில் காய்ந்த வெல்லப்பாகு போலப் பழுப்புப் படலம்.

இன்ஜெக்டர் சோதிக்கும் கடையில் நான்கையும் கொடுத்தேன். அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவி, பெஞ்சில் ஏற்றி, கண்ணாடிக் குழாய்களில் ஒரே நேரத்தில் பாய்ச்சிக் காட்டினார்கள். மூன்று புகைபோல விரிந்து தெளித்தன. சிக்கியது திறந்துகொண்டது, ஆனால் மூடிய பிறகும் சொட்டியது. சொட்டும் இன்ஜெக்டரைத் திரும்ப மாட்டுவதில் அர்த்தமில்லை. அதே பாகஎண்ணில் ஒன்று வாங்கினேன். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழையதும் கிடைக்கும். பெஞ்சில் பார்க்காமல் வாங்காதீர்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் பாய்ச்சும் அளவு மாறும்.

ஓ-ரிங்குகள் எட்டையும் மாற்றினேன். இதில் கஞ்சத்தனம் ஆகாது. பெட்ரோலைத் தாங்கும் விட்டான் ரகமாக இருக்க வேண்டும். குழாய்ச் சாமான் கடையில் கிடைக்கும் ரப்பர் வளையம் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவி நேராக அழுத்தினால் வழுக்கிக்கொண்டு உட்காரும். உலர்ந்த நிலையில் திணித்தால் ஓரம் கிழியும், அது வெளியில் தெரியவும் தெரியாது. எல்லாம் மாட்டிய பின் ஸ்டார்ட் செய்யாமல், சாவியை ஆன் வரை மட்டும் சில முறை திருப்பி ரெயிலில் அழுத்தம் ஏறவிட்டேன். டார்ச் அடித்து, காகிதக் கைக்குட்டையால் ஒவ்வொரு மூட்டையும் ஒற்றிப் பார்த்தேன். ஈரம் இல்லை. பிறகுதான் ஸ்டார்ட். நான்கும் ஒரே சீராக ஓடுகின்றன.

*

வணக்கம் அண்ணா. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்களுக்கு மூடியபடி சிக்கியது, எனக்குத் திறந்தபடி. ஆபத்து இதில்தான் கூட.

2022-இல் பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டிருந்த காலத்தில், எங்கள் டொயோட்டா 110 கரோலா கார் வளவுக்குள்ளேயே நின்றது. கியூ.ஆர். குறியீட்டைக் காட்டிப் பங்கீட்டு முறையில் பெற்றோல் கிடைக்கத் தொடங்கிய பிறகு ஸ்டார்ட் செய்தால் கரும்புகை. வீடெல்லாம் பெற்றோல் மணம். ஒரு பிளக் நனைந்து ஊறியிருந்தது. ஒயில் கோலை இழுத்துப் பார்த்தால் மட்டம் மேல் கோட்டையும் தாண்டியிருந்தது. முகர்ந்தால் பெற்றோல். சிலிண்டருக்குள் ஒழுகியது அப்படியே கீழே ஒயிலோடு கலந்திருக்கிறது.

அந்த நிலையில் மறுபடியும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டர் நிறையப் பெற்றோல் நின்றால் பிஸ்ரனால் அதை அமுக்க முடியாது. பிஸ்ரனைத் தாங்கும் கனெக்ரிங் ரொட் வளைந்துவிடும். தீப்பொறி வராதபடி கொயில் இணைப்பைக் கழற்றி, பிளக்குகளையும் எடுத்துவிட்டு, ஸ்பேனரைப் போட்டுக் கையாலேயே எஞ்சினைச் சுற்றி வெளியேற்றினோம். இன்ஜெக்டரை மாற்றிய கையோடு ஒயிலும் ஃபில்டரும் புதிது. ஒயிலை மாற்றாமல் ஓட்டினால் பேரிங் தேயும். இன்ஜெக்டர் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட அப்பா, பேரிங் விலையைக் கேட்டதும் பேசாமல் ஒயிலுக்குக் காசு கொடுத்தார்.

*

இரண்டையும் படித்தேன். டீசல் கார் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துக் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

என்னுடைய பழைய டீசல் ஸ்விஃப்டிலும் ஒரு இன்ஜெக்டர் சிக்கியது. அடியிலுள்ள செப்பு வாஷர் கசிந்து, சுற்றிலும் தார் மாதிரி கரி இறுகிவிட்டது. பெட்ரோல் காரில் 3 பார் என்றால் காமன் ரெயில் டீசலில் ஆயிரம் பாருக்கும் மேல். ஓடும் இன்ஜினில் குழாயைத் தளர்த்தினால் அந்தத் தாரை தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். ஊசி குத்திய அளவே தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம் அது. நான் செய்ததெல்லாம் கரியில் எண்ணெய் ஊறவிட்டதோடு சரி. இழுத்து எடுத்தது ஸ்லைடு ஹேமர் வைத்திருக்கும் பட்டறைக்காரர். உட்காரும் இடத்தைச் சீவிச் சுத்தம் செய்ததும் அவர்தான். பல டீசல் கார்களில் புதிய இன்ஜெக்டரின் மேலுள்ள குறியீட்டு எண்ணைக் கம்ப்யூட்டரில் பதியவும் வேண்டும்.

ஒரு சந்தேகம். பெட்ரோல் டேங்கில் ஊற்றும் இன்ஜெக்டர் கிளீனர் பாட்டில் வாங்கினால் கழற்றும் வேலையே மிச்சமாகாதா?

*

முதலில் எழுதியவன்தான். பாட்டிலை அடியோடு ஒதுக்கமாட்டேன். தெளிப்பு கொஞ்சம் கெட்டு, ஐட்லிங் லேசாக நடுங்கும் நிலையில் ஊற்றினால் பலன் கிடைக்கலாம். ஊசி மூடியபடி ஒட்டிக்கொண்டால் அந்த வழியே பெட்ரோலே போகாது. பெட்ரோலில் கலந்த மருந்து மட்டும் எப்படிப் போகும்? மற்ற மூன்றைத்தான் அது கழுவிக்கொண்டிருக்கும். யாழ்ப்பாணத் தம்பிக்கு நடந்ததுபோல் திறந்தபடி சிக்கினால் பாட்டிலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், ஸ்டார்ட் செய்யாமல் முதலில் ஆயில் குச்சியை இழுத்து முகர்ந்து பாருங்கள்.