நக்குரு ஏரித் தேசியப் பூங்கா: பூநாரைகளை நம்பிப் போகலாமா?

வழிப்போக்கன் (வினா):
அனைவருக்கும் வணக்கம். அலுவல் காரணமாக வரும் ஆகஸ்டு மாதம் சென்னையிலிருந்து நைரோபி செல்கிறேன். மனைவியும் அறுபத்தெட்டு வயதான என் தந்தையாரும் உடன் வருகிறார்கள். பணி முடிந்தபின் இரண்டு நாட்கள்தாம் கையில் இருக்கும். கென்யாவின் புகழ்பெற்ற வனவிலங்குக் காப்பகமான மசாய் மாராவுக்கு அது போதாது என்பதால், நைரோபிக்கு வடமேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நக்குரு ஏரித் தேசியப் பூங்காவுக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். ஏரிக்கரை முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூநாரைகள் நிற்கும் படங்களைப் பார்த்ததிலிருந்து தந்தையாருக்கு அதே நினைப்பு. காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாமா, ஓர் இரவு தங்குவது நல்லதா?

பறவைநோக்கி:
நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் பழைய படங்களாக இருக்கும் என்பதைத் தந்தையாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். சிறிய பூநாரையின் முதன்மை உணவு, நாம் மருந்துக் கடைகளில் மாத்திரையாகப் பார்க்கும் ஸ்பைருலினா வகை நீலப்பச்சைப்பாசி. அது உப்பும் காரத்தன்மையும் மிகுந்த நீரில்தான் செழித்து வளரும். 2010ஆம் ஆண்டையொட்டி நக்குரு ஏரியின் நீர்மட்டம் உயரத் தொடங்கி, பூங்காவின் பழைய முதன்மை நுழைவாயிலையும் கரையோரச் சாலைகளையும் மூழ்கடிக்கும் அளவுக்கு ஏரி விரிந்தது. நீர் பெருகியதால் உப்பு நீர்த்தது, பாசி குறைந்தது, பூநாரைகளும் வேறு ஏரிகளை நாடின. முற்றிலும் அற்றுப்போய்விடவில்லை, சில பருவங்களில் ஓரளவு காணலாம். ஆனால் அந்தப் படத்திலுள்ள காட்சியை எதிர்பார்த்துச் செல்வது வீண்.

அதே வேளையில், கொசுக்களைக் கட்டுப்படுத்துவதற்காகப் பல பத்தாண்டுகளுக்கு முன் இந்த ஏரியில் விடப்பட்ட திலாப்பியா மீனை உண்ணும் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் இங்கே உண்டு. பூநாரைதான் வேண்டுமென்றால் நக்குருவுக்கு வடக்கேயுள்ள பொகோரியா ஏரிக்குச் செல்ல வேண்டும். வெந்நீர் ஊற்றுகள் கொப்பளிக்கும் அந்தக் கரையில் வாய்ப்பு அதிகம். அதற்கு நேரமில்லாவிட்டால், நைரோபியிலிருந்து வரும் வழியிலேயே நெடுஞ்சாலைக்கு அருகில் உள்ள எல்மென்டைட்டா ஏரியில் சிறிது நேரம் நில்லுங்கள். இந்த மூன்று ஏரிகளையும் சேர்த்தே யுனெஸ்கோ 2011இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

நைரோபிவாசி:
பறவைநோக்கி சொன்னது சரி, ஆனால் அதனால் நக்குருவைக் கைவிட்டுவிடாதீர்கள். அங்கே செல்ல வேண்டியது காண்டாமிருகத்துக்காக. 188 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, சுற்றிலும் வேலியிட்ட பூங்கா. 1980களிலிருந்து காண்டாமிருகக் காப்பிடமாகப் பேணப்படுகிறது. வெள்ளைக் காண்டாமிருகம் திறந்த புல்வெளியில் மேய்வதால் எளிதில் கண்ணில் படும். இலைதழை தின்னும் கறுப்புக் காண்டாமிருகமோ புதரைவிட்டு எளிதில் வெளியே வராது. ராத்ஸ்சைல்டு ஒட்டகச்சிவிங்கி, சிங்கம், சிறுத்தை, எருமை எல்லாம் உண்டு. யானை மட்டும் கிடையாது. அதையும் தந்தையாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஒரே நாளில் திரும்புவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். உகாண்டாவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகள் அந்த நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும். போக மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, வர அதைவிடக் கூடுதலாகவும் ஆகலாம். அப்படிப் போனால், விலங்குகள் நிழல் தேடி ஒதுங்கும் நண்பகலில்தான் நீங்கள் பூங்காவுக்குள் இருப்பீர்கள். மாலையில் ஒரு சுற்று, இரவு தங்கல், மறுநாள் விடியலில் வாயில் திறந்ததும் இன்னொரு சுற்று என்று வைத்துக்கொண்டால் அலுப்பும் இராது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரம் என்பதால் ஆகஸ்டு அதிகாலையில் ஸ்வெட்டர் கட்டாயம். நுழைவுக் கட்டணத்தை ரொக்கமாக வாங்கமாட்டார்கள், இணையவழியில் செலுத்த வேண்டும். ஒருமுறை மட்டுமே பயன்படும் பிளாஸ்டிக் குடிநீர்ப் புட்டிகளுக்கு 2020 முதல் பூங்காக்களில் தடை. பபூன் கிளிஃப் என்னும் காட்சிமுனையில் ஏரி முழுவதும் தெரியும், ஆனால் பெயருக்கேற்ப அங்கே குரங்குகளும் இருக்கும். சாப்பாட்டை வண்டிக்குள் வைத்துக் கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள்.

கரையோரத்தான்:
மேலே சொன்னதில் ஒரு சிறு மாற்றம் மட்டும் சொல்கிறேன். பெரியவர் உடன் வருவதால், பாதி வழியிலுள்ள நைவாஷாவில் தங்குவதையும் எண்ணிப் பாருங்கள். அது நன்னீர் ஏரி. படகில் சென்று நீர்யானைகளைப் பார்க்கலாம், நாள் முழுவதும் வண்டியில் குலுங்க வேண்டியதில்லை. நக்குருவின் விடியற்காலை உங்களுக்குக் கிடைக்காது என்பது இதிலுள்ள இழப்பு.

வழிப்போக்கன்:
மூவருக்கும் நன்றி. தந்தையாரிடம் பேசினேன், காண்டாமிருகம் என்றதும் சமாதானமாகிவிட்டார். எல்மென்டைட்டாவில் நின்றுவிட்டு நக்குருவில் ஓர் இரவு தங்குவதாக முடிவு செய்துள்ளோம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அவருடைய வயதில் போடலாமா?

நைரோபிவாசி:
அறுபதைக் கடந்தவர்களுக்கு அந்த ஊசியால் கடுமையான பக்கவிளைவு ஏற்படும் வாய்ப்பு சற்று அதிகம் என்பதால், மருத்துவர் அவருடைய உடல்நிலையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கென்யாவிலிருந்து திரும்புவோரிடம் இந்தியாவில் சான்றிதழ் கேட்பார்கள். இல்லாவிட்டால் தனிமைப்படுத்தவும் கூடும். ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும். ஆகவே பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே கிண்டி கிங் நிலையத்தில் விசாரித்துவிடுங்கள். மலேரியா மாத்திரையைப் பற்றியும் அதே மருத்துவரிடம் கேளுங்கள்.