ஞானப் பல் அறுவைச் சிகிச்சையும் அடுத்து வரும் நாள்களும்: அனுபவப் பகிர்வு

ஞானப் பல்லை அகற்ற நாள் குறிக்கப்பட்டிருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். என் கீழ்த்தாடை ஞானப் பல் நேராக முளைக்காமல், முன்னால் இருந்த கடைவாய்ப் பல்லின் மீது சாய்ந்து ஈறுக்குள் பாதி புதைந்திருந்தது. அங்கே மீண்டும் மீண்டும் சீழ் வைத்ததால் எடுத்துவிடுவதே நல்லது என்றார் மருத்துவர். தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே படத்தை வைத்துக்கொண்டு, எலும்புக்குள் ஓடும் நரம்புக்குப் பல்லின் வேர் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை அவர் முதலில் விளக்கினார். கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அந்த நரம்புதான். வேர் அதை ஒட்டியிருந்தால் சிகிச்சைக்குப் பின் அந்தப் பகுதி சில வாரங்களோ மாதங்களோ மரத்துப்போயிருக்கலாம். மிகச் சிலருக்கு அது நிலைத்தும் விடலாம். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் யாரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம்.

சிகிச்சையின்போது நான் முழு விழிப்புடன் இருந்தேன். மரப்பு ஊசி வலியை நீக்குமே தவிர அழுத்தத்தை நீக்காது என்பதை முன்பே தெரிந்துகொண்டால் பாதி அச்சம் போய்விடும். ஈறைக் கீறி விலக்கி, பல்லை மூடியிருக்கும் எலும்பைச் சிறிது குடைந்து, பல்லை இரண்டு மூன்று துண்டுகளாகப் பிளந்து எடுக்கிறார்கள். பல் பிளக்கும் ஓசை நமக்கு மிகப் பலமாகவே கேட்கும். தாடை எலும்பு உடைந்துவிட்டதோ என்று பதற வேண்டியதில்லை. கூர்மையான வலி தெரிந்தால் உடனே கையை உயர்த்துங்கள். கூடுதலாக மருந்து செலுத்துவார்கள். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதில் எந்தப் பயனும் இல்லை.

உண்மையான கவனம் தேவைப்படுவது வீடு திரும்பிய பிறகுதான். பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்க வேண்டும். எலும்பையும் நரம்பு முனைகளையும் மூடிக் காப்பதும், புதிய திசு வளர இடம் தருவதும் அந்தக் கட்டியே. முதல் 24 மணி நேரத்துக்குத் துப்பாதீர்கள், வாய் கொப்பளிக்காதீர்கள், ஸ்ட்ராவால் உறிஞ்சாதீர்கள், புகை பிடிக்காதீர்கள் என்று சொல்வதெல்லாம் அது பெயர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். புகையை மட்டும் மேலும் பல நாள்கள் தள்ளி வைக்க வேண்டும். வைத்து அனுப்பும் பஞ்சுத் துணியை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அழுத்திக் கடித்திருக்க வேண்டும். இரத்தம் நின்றதா என்று அடிக்கடி எடுத்துப் பார்த்தால் உறைவது கலைந்துவிடும். அன்று உமிழ்நீர் சிவப்பாக வருவது இயல்பு. சிறிது இரத்தம் நிறைய உமிழ்நீரில் கலந்து பெருக்கெடுப்பதுபோல் தோன்றுகிறது, அவ்வளவுதான். உதடும் நாக்கும் சில மணி நேரம் மரத்திருக்கும் என்பதால், அது தெளியும்வரை சூடானதையும் மெல்ல வேண்டியதையும் தவிர்க்க வேண்டும். கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் அப்போது தெரியாது. வலி மாத்திரையை மரப்பு முழுவதும் தெளிவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுமாறு மருத்துவர் சொன்னது எனக்கு மிகவும் உதவியது.

கன்ன வீக்கம் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் உச்சத்தில் இருந்தது. முதல் நாளைவிட முகம் பெரிதாகியிருப்பதைக் கண்டு வீட்டில் எல்லோரும் கலங்கினார்கள், ஆனால் அது எதிர்பார்க்க வேண்டியதே. வாயும் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. ஒரு நாள் கழிந்ததும் தொடங்கிய இளஞ்சூடான உப்புநீர்க் கொப்பளிப்பும், வாயை மெல்ல மெல்லத் திறந்து பழகியதும் அதைச் சரிசெய்தன.

* * *

இதே சிகிச்சை செய்துகொண்ட இன்னொருவர் நான். மேலே உள்ள பகிர்வுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மருத்துவர் சொன்ன எல்லாவற்றையும் கடைப்பிடித்தும், புகைப்பழக்கமே இல்லாமலிருந்தும், எனக்கு அந்த இரத்தக் கட்டி பெயர்ந்துவிட்டது. இதை ‘டிரை சாக்கெட்’ என்கிறார்கள். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில்தான் அதிகம் வருமாம். குறைந்துகொண்டிருந்த வலி மூன்றாம் நாள் திடீரென்று ஏறி, காதுவரை பரவி, மாத்திரைக்கும் அடங்காமல் போயிற்று. வாயில் ஒரு கெட்ட சுவையும் இருந்தது. வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும், குறைந்தபின் ஏறினால் காத்திருக்கக் கூடாது. மருத்துவர் குழியைக் கழுவி மருந்துத் துணியை வைத்தவுடன், வெகு விரைவில் வலி தணிந்துவிட்டது. அதற்கு ஆன்டிபயாட்டிக் தேவைப்படவில்லை. காய்ச்சல், மூன்றாம் நாளுக்குப் பிறகும் வளரும் வீக்கம், அழுத்திக் கடித்தும் நிற்காத இரத்தம் ஆகியவை வேறு வகை. அவற்றுக்கு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குத்தான் செல்ல வேண்டும்.

* * *

மேலே எழுதிய இருவரைத் தொடர்ந்து, வயதானவர்களைப் பல் எடுக்க அழைத்துச் செல்வோருக்காக நானும் எழுதுகிறேன். என் தந்தை இதய நோய்க்காக, இரத்தம் எளிதில் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை உட்கொள்பவர். பல் எடுக்கப் போகிறோம் என்பதற்காக அந்த மாத்திரையை நாமாக நிறுத்துவது இரத்தப்போக்கைவிடப் பெரிய ஆபத்தைக் கொண்டுவரலாம். பல் மருத்துவர் இதய மருத்துவரிடம் கலந்து பேசி, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனையின் அளவைப் பார்த்து, மாத்திரையைத் தொடரச் சொல்லியே பல்லை எடுத்தார். குழிக்குள் இரத்தத்தை உறையச் செய்யும் பொருளை வைத்துத் தையல் போட்டார். எலும்புப்புரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அவற்றுள் சில தாடை எலும்பு ஆறுவதைத் தடுக்கக்கூடியவை. அப்பாவுக்கு எடுத்தது மேல்தாடைப் பல் என்பதால், வேருக்கு மேலிருக்கும், மூக்கோடு இணைந்த காற்றறையான சைனஸ் அறையைக் கருதி, மூக்கைப் பலமாகச் சிந்த வேண்டாம் என்றும், தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்மச் சொல்லியும் அனுப்பினார்கள்.