ஃப்ளூவுக்குக் காளான்: சாப்பிட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

திருப்பூரிலிருந்து:
வடகிழக்குப் பருவமழை தொடங்கினாலே எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்துவிடுவார்கள். இந்தத் தடவை தெரிந்தவர் ஒருவர் ரெய்ஷி காளான் மாத்திரையோடு வந்தார். தினம் இரண்டு போட்டால் இன்ஃப்ளூயன்சா கிட்டவே வராதாம். விலையைக் கேட்டதும் எனக்கே காய்ச்சல் வரும்போல இருந்தது. யாராவது சாப்பிட்டிருக்கிறீர்களா? சொந்த அனுபவம் மட்டும் போதும், ஃபார்வேர்டு வேண்டாம்.

ஒசாகாவிலிருந்து:
இங்கே ஷீட்டாகே காளான் நம்மூர்க் கத்திரிக்காய் மாதிரி, எந்தக் கடையிலும் கிடைக்கும், எல்லாச் சமையலிலும் விழும். அதனால் யாருக்கும் ஃப்ளூ வராமல் இல்லை. போன குளிர்காலத்தில் மகன் பள்ளியிலிருந்தே காய்ச்சலோடு வந்தான். கிளினிக்கில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து இன்ஃப்ளூயன்சா ஏ என்றார்கள். 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் என்று ஃப்ளூ வைரஸுக்கான மருந்தான ஒசெல்டமிவிர் அன்றைக்கே கொடுத்துவிட்டார்கள். காளான் சூப் கொடுக்கலாமா என்று கேட்டேன். கொடுங்கள், மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றார் டாக்டர்.

நான் சொல்ல வந்தது இன்னொன்று. கணவரோடு வேலை பார்ப்பவர் ஒருவர், எதிர்ப்புச் சக்தி கூடும் என்று ஷீட்டாகேவை நெருப்பில் லேசாக வாட்டி, அரைவேக்காடாகவே நிறையச் சாப்பிட்டார். ஓரிரு நாளில் முதுகெல்லாம் சாட்டையால் விளாசியது போலச் சிவப்புக் கோடுகள். அரிப்பு தாங்காமல் தூக்கம் போச்சு. தோல் மருத்துவர் முதுகைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே ஷீட்டாகே சாப்பிட்டீர்களா என்பதுதான். 1977-லேயே ஜப்பானில் பதிவான நோயாம் இது. அந்தக் காளானில் இருக்கும் லென்டினான் என்ற மாவுச்சத்து வகைப் பொருள்தான் காரணம் என்கிறார்கள். அதே லென்டினானைத்தான் 1985-இல் வயிற்றுப் புற்றுநோய்க்கான துணை மருந்தாக, ஊசியில் போட இங்கே அனுமதித்தார்கள்! எதுவானாலும் நன்றாக வேகவையுங்கள்.

கிள்ளானிலிருந்து:
மலேசியாவில் லிங்சி காப்பி குடிக்காத குடும்பத்தைத் தேட வேண்டும். உங்கள் ரெய்ஷிதான் எங்கள் லிங்சி. எங்கள் அப்பா இதய வால்வு அறுவைக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். சொந்தக்காரர் ஒருவர் விற்கிறார் என்று காப்பி, மாத்திரை இரண்டையும் ஆரம்பித்தார். விற்ற கையோடு, இனிமேல் ஃப்ளூ ஊசியே வேண்டாம் என்றும் அந்த மனிதர் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ரத்தப் பரிசோதனையின்போது டாக்டரிடம் காட்டினோம். ரத்தம் கசியும் ஆபத்து கூடலாம், நிறுத்துங்கள் என்றார். நிறுத்தியாச்சு, ஊசியும் போட்டாச்சு. சொந்தக்காரருக்குத்தான் இன்னும் கோபம். தம்பி, உங்கள் வீட்டில் யாராவது ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் இதை மனசில் வையுங்கள்.

திருச்சியிலிருந்து:
மருந்துக்கடை வைத்திருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். காளானை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அதன் செல் சுவரில் பீட்டா குளுக்கான் என்ற ஒருவகை நார்ச்சத்து இருக்கிறது. நம் வெள்ளை அணுக்கள் டெக்டின்-1 என்ற ஏற்பி வழியாக அதைப் பூஞ்சை என்று அடையாளம் கண்டு உஷாராகின்றன. ஸ்லோவாக்கியாவில் அடிக்கடி சளி பிடிக்கும் 175 குழந்தைகளுக்குச் சிப்பிக் காளானின் குளுக்கான் சிரப் கொடுத்துப் பார்த்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். சிரப் சாப்பிட்டவர்களில் 36 சதவீதம் பேருக்குச் சுவாசத் தொற்றே வரவில்லை. வெறும் வைட்டமின் சி கொடுத்தவர்களில் அது 21 சதவீதம். நல்ல வித்தியாசம்தான். ஆனால் மீதி 64 சதவீதம் குழந்தைகளுக்கு வந்ததே? "கிட்டவே வராது" என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. மைட்டாகே காளான், ஷீட்டாகேயின் பூசண இழைச் சாறு இவற்றைப் பற்றிக் கடையில் காட்டும் ஃப்ளூ ஆய்வுகளில் பல, எலிகளிடம் செய்தவை. என் கடைக்கு வருபவர்களிடம் நான் சொல்வது: காப்ஸ்யூலுக்குக் கொடுக்கும் பணத்தில் ஃப்ளூ தடுப்பூசி போடுங்கள், மிச்சத்துக்குக் காளான் வாங்கிக் குழம்பு வையுங்கள். கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், அறுபதைத் தாண்டியவர்கள் மூச்சு வாங்கினால் வீட்டில் உட்கார்ந்து கஷாயம் குடிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து:
சிப்பிக் காளான் குடில் போட்டிருக்கிறேன். மழைக்காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று கேட்டு வாங்குபவர்கள் கூடத்தான் செய்கிறார்கள், நான் என்ன வேண்டாம் என்றா சொல்வேன்! ஆனால் குடிலுக்குள் கதை வேறு. சிப்பிக் காளான் முற்றினால் வித்துத்தூள் புகை மாதிரிப் பறக்கும். அதைத் தொடர்ந்து சுவாசித்தால் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை வரலாம். காய்ச்சல், குளிர், வறட்டு இருமல் என்று அப்படியே ஃப்ளூ போலவே இருக்கும். எங்களிடம் வேலை செய்த அக்காவுக்கு ஃப்ளூ என்றே மருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். லீவு எடுத்தால் சரியாகும், திரும்பக் குடிலுக்கு வந்தால் சாயங்காலமே காய்ச்சல். நெஞ்சக மருத்துவர்தான் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டுக் கண்டுபிடித்தார். இப்போது அவரைப் பாக்கெட் போடும் வேலைக்கு மாற்றிவிட்டோம். காளானை விளிம்பு விரிவதற்கு முன்பே பறிக்கிறோம். முகக்கவசம் இல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. வீட்டில் காளான் வளர்க்கப் பெட் போடுகிறவர்கள் படுக்கையறையில் மட்டும் போடாதீர்கள்.