ட்ரெஸ்ரோசாவில் மாட்டிக்கிட்டேன், கரை சேர்த்து விடுங்க

மக்களே, ஒரு யோசனை சொல்லுங்க. ஒன் பீஸ் அனிமேயில் (ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்) மரின்ஃபோர்ட் போர் வரைக்கும் தூக்கத்தை விட்டுப் பார்த்தேன். இப்போ ட்ரெஸ்ரோசாங்கிற கதைப்பகுதியில் சிக்கி நிக்கிறேன். அந்த ஒரு பகுதிக்கே 118 எபிசோட்! பாட்டு, முன்கதை, ஆளாளுக்கு வாயைப் பிளந்து நிக்கிற காட்சி எல்லாம் போக, கதை எறும்பு மாதிரி ஊருது.

இங்கிருந்து மங்காவுக்கு, அதாவது மூலக் காமிக்ஸுக்குத் தாவலாமா? நான் 679வது எபிசோடில் இருக்கேன். ட்ரெஸ்ரோசா தொடங்குற 700வது அத்தியாயத்துலேருந்தே படிக்கணுமா, இல்ல நடுவுலேருந்து பிடிச்சுக்கலாமா? பின்னாடி வர்ற வானோ பகுதி வந்ததும் அனிமேக்குத் திரும்பினவங்க இருந்தா சொல்லுங்க. ஹீரோ லஃபியோட குரல் இல்லாமப் படிச்சா உப்பில்லாத சாம்பார் மாதிரி இருக்குமோன்னு பயம்.

ரூம்மேட் வேற, "2011ல வந்த ஹன்டர் ஹன்டர் பாருடா, 148 எபிசோடோட முடிஞ்சுது"ங்கிறான். முடிஞ்சது அனிமேதானே, மங்காவில் கதை இன்னும் முடியலையே!

புண்ணியமாப் போகும், ஸ்பாய்லர் மட்டும் போட்டுடாதீங்க.