நாயோடு சால்ஸ்பர்க்: வாய்க்கூடு போட மாட்டேன் என்கிறான், குதிரையைக் கண்டால் குரைக்கிறான். வழி சொல்லுங்கள்

மியூனிக்வாசி:
வணக்கம். மே மாதக் கடைசியில் சனி, ஞாயிறு இரண்டு நாள் மியூனிக்கிலிருந்து ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், அப்புறம் எங்கள் கருப்பன். காப்பகத்தில் எடுத்த கலப்பின நாய், 22 கிலோ. கார் கிடையாது, ரயில்தான்.

ஆஸ்திரியாவில் ரயிலிலும் பேருந்திலும் வாய்க்கூடு கட்டாயமாம். நைலான் பட்டை ஒன்று வாங்கி மாட்டினால், அடுத்த நொடியே முன்னங்காலால் பிறாண்டித் தள்ளிவிடுகிறான். அதைவிடப் பெரிய கவலை குதிரை. இங்கே இங்கிலீஷ் கார்டன் பூங்காவில் போலீஸ் குதிரையைப் பார்த்தாலே ஊரைக் கூட்டுவான். சால்ஸ்பர்க்கிலோ குதிரை வண்டிகள் வரிசையாக நிற்குமாம். மாமியாருக்கு இசைமேதை மோட்சார்ட் பிறந்த வீட்டையும் கோட்டையையும் பார்த்தே ஆக வேண்டும். நாயைப் பார்த்துக்கொள்ள இங்கே ஆள் இல்லை. என்ன செய்யலாம்?

சால்சாக்கரை:
தம்பி, முதலில் அந்த நைலான் பட்டையைத் தூக்கிப் போடுங்கள். அது வாயை இறுக்கி மூடிவிடும். நாய்க்கு உடம்புச் சூடு தணிவதே நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதால்தான். கூட்டமான பெட்டியில் அது முடியாமல் போனால் ஆபத்து. கம்பியிலோ ரப்பரிலோ செய்த கூடை வகை வாங்குங்கள். உள்ளே வாயைத் திறக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் வேண்டும். மூக்கு நுனி முன்பக்கம் இடிக்கக் கூடாது, மேல்விளிம்பு கண்ணில் படக் கூடாது.

கூட்டின் உட்புறம், முன்பக்கமாக, கொஞ்சம் ஈரல் விழுது தடவிக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா உட்காருங்கள். நீங்கள் மாட்டப் போகாதீர்கள். அவனாக மூக்கை விட்டு நக்கட்டும். நக்கி முடிக்கும் முன்னே எடுத்துவிட்டால் அவனே தேடி வருவான். வார் பூட்டுவதெல்லாம் அதற்கப்புறம். பூட்டியதும் உடனே நடக்கக் கூட்டிப் போங்கள், நடக்கும்போது பிறாண்ட நேரம் இருக்காது. வேர்க்கடலை வெண்ணெய் தடவுவதாக இருந்தால் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்திருக்கிறதா என்று டப்பாவைப் பார்த்துவிடுங்கள். அது நாய்க்கு விஷம்.

மியூனிக்வாசி:
நன்றி அக்கா, இன்றே கூடை வாங்குகிறேன். எங்கள் இருவரிடமும் டாய்ச்லாண்ட் டிக்கெட், அதாவது ஜெர்மனி முழுக்க வட்டார ரயில்களில் செல்லும் மாதச் சீட்டு, இருக்கிறது. அது போதுமா?

தண்டவாளம்:
உங்களுக்குப் போதும். வட்டார ரயிலில் சால்ஸ்பர்க் தலைமை நிலையம் வரை செல்லும். கருப்பன் அதில் சேர மாட்டான், அவனுக்குத் தனி டிக்கெட் எடுங்கள். தூக்கிச் செல்லும் பெட்டிக்குள் அடங்கும் சின்ன நாய்க்குத்தான் இலவசம். மாமியார் பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருக்கட்டும். திரும்பி வரும்போது எல்லையோர ஊரான ஃப்ரைலாசிங் பக்கம் ஜெர்மன் போலீஸ் ஏறிப் பார்ப்பதுண்டு.

நாய்க்கும் ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட் வேண்டும். அதில் வெறிநோய்த் தடுப்பூசி எதுவரை செல்லும் என்று பாருங்கள். பலரும் கோட்டை விடுவது அங்கேதான்.

மியூனிக்வாசி:
பார்த்தேன். வரும் வெள்ளியோடு முடிகிறது!

தண்டவாளம்:
வெள்ளிக்கு முன் போட்டுவிட்டால் காத்திருக்கவே வேண்டாம். ஒரு நாள் தாண்டினாலும் முதல் ஊசிக் கணக்குதான், 21 நாள் கழித்தே எல்லை கடக்கலாம். நாளைக்கே மருத்துவரிடம் போங்கள்.

சால்சாக்கரை:
சரி, குதிரைக்கு வருகிறேன். வீதிக்கு வீதி நிற்பதில்லை. வண்டிகள் நிற்கும் இடம் ரெசிடென்ஸ்பிளாட்ஸ், பேராலயத்துக்குப் பக்கத்துச் சதுக்கம். அங்கிருந்துதான் பழைய நகரத்துக்குள் சுற்றப் போகும். எல்லோரும் மோட்சார்ட் நடைபாலம் வழியாக வந்து நேராக அங்கேதான் விழுவார்கள். நீங்கள் அப்படி வராதீர்கள்.

நிலையத்திலிருந்து ஆற்றங்கரைக்கு வந்து முல்னர் நடைபாலத்தில் கடந்தால் முல்ன் பகுதி. அங்கேயே மோன்ஷ்பெர்க் குன்றில் ஏறிவிடுங்கள். மேலே முழுக்க மரநிழல், ஒரு குதிரை வண்டி கிடையாது. நகரத்தின் கூரைகளும் கோபுரங்களும் காலடியில் தெரியும். என்னைக் கேட்டால் கீழே கூட்டத்தில் இடிபடுவதைவிட இதுதான் சால்ஸ்பர்க். குன்றின் மறுகோடியில் ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டை, 1077இல் கட்டத் தொடங்கியது. மாமியாரும் உங்கள் மனைவியும் கீழிருந்து கம்பிவட ரயிலில் ஏறி வரட்டும். 1892இலிருந்து ஓடுகிறது, முழங்காலுக்கு வேலையில்லை. அவர்கள் கோட்டைக்குள் இருக்கும் நேரத்தில் நீங்களும் கருப்பனும் வெளியே நிழலில் உட்காரலாம்.

மோட்சார்ட் வீடு கெட்ரைடகாஸ்ஸ 9ஆம் எண், மஞ்சள் கட்டடம். அருங்காட்சியகத்துக்குள் நாயைக் கூட்டிப்போக நினைக்காதீர்கள், முறை வைத்துப் பாருங்கள். தெரு குறுகலானது, காலையிலேயே போனால் பிழைத்தீர்கள். எதிரே குதிரை வந்துவிட்டால் வீட்டு நடைவழி ஏதாவது ஒன்றுக்குள் ஒதுங்கி, அது கடக்கும்வரை அவனுக்குத் தின்பண்டம் கொடுத்துக்கொண்டே இருங்கள். அந்தத் தெருவில் பின்பக்கம் போகும் நடைவழிகள் நிறைய உண்டு.

மியூனிக்வாசி:
மாமியாரிடம் சொன்னேன், கம்பிவட ரயில் என்றதும் சம்மதம். சாப்பாட்டுக்கு நாயோடு உட்கார விடுவார்களா? ஞாயிற்றுக்கிழமை காலை நடக்கக் கபுசினர்பெர்க் குன்று சரிவருமா?

தண்டவாளம்:
உணவகங்களில் பெரும்பாலும் விடுவார்கள், முடிவு கடைக்காரருடையது. கேட்டுவிட்டு உட்காருங்கள், தண்ணீர்க் கிண்ணம்கூடக் கொண்டுவந்து வைப்பார்கள்.

சால்சாக்கரை:
கபுசினர்பெர்க் நல்ல யோசனை, ஆனால் லின்சர்காஸ்ஸ தெருப் பக்கம் ஏற்றம் செங்குத்து, மாமியாரை ஓட்டலிலேயே விட்டுவிடுங்கள். இன்னொன்று, நகரத்துக்கு நடுவில் இருந்தாலும் அந்தக் குன்றில் காட்டு மலையாடுகள் வாழ்கின்றன. குதிரைக்கே அந்தப் பாடு என்றால் கயிற்றை ஒரு நிமிடம்கூட அவிழ்க்காதீர்கள்.