செரி போன்சாய் இலையெல்லாம் புள்ளி: மூன்று தடவை மருந்தடித்தும் நிற்கவில்லை

வெள்ளவத்தை மூன்றாம் மாடி:
வணக்கம். இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு கண்காட்சியில் ‘ஜப்பான் செரி’ என்று சொல்லித் தந்த போன்சாய் இது. ஒரு முழ உயரம்கூட இல்லை, தண்டு பெருவிரல் பருமன். கடலைப் பார்த்த தொடர்மாடிப் பல்கனியில் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து இலைகளில் மிளகளவு பழுப்புப் புள்ளிகள். நடுவில் சாம்பல் நிறம், சுற்றிவர மஞ்சள் வளையம். காலையில் பல்கனியைக் கூட்டினால் ஒரு கைப்பிடி இலை சேர்கிறது. மன்கோசெப் என்ற பங்கசுக்கொல்லி மருந்தை வாங்கி வாரத்துக்கு ஒன்றாக மூன்று தடவை தெளித்தேன். பழைய புள்ளி ஒன்றுகூட மறையவில்லை. தினமும் மாலை வேலையால் வந்ததும் இலையும் நனையத் தண்ணீர் விடுகிறேன். அம்மா வேப்பெண்ணெய் அடி என்கிறார், மேல்வீட்டு அக்கா கறுவாத்தூள் தூவு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பத்தரமுல்லைக் கன்றுக்காரன்:
தம்பி, மருந்துப் போத்தலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். மரம் எது என்று முதலில் தெரிய வேண்டும். இலைகள் எதிரெதிரே சோடியாக இருக்கின்றனவா, மாறி மாறி இருக்கின்றனவா? இலை விளிம்பு அரம்போல் பல்லுப் பல்லாக இருக்கிறதா? பூத்ததுண்டா? ஜப்பான் செரி என்றால் பூப்பதற்குக் குளிர்காலம் வேண்டும். 7 பாகை செல்சியஸுக்குக் கீழே நூற்றுக்கணக்கான மணித்தியாலங்கள் இருந்தால்தான் மொட்டு ஒழுங்காக விழிக்கும். கொழும்பில் இரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

நுகேகொடை விதைப் பைத்தியம்:
இதில் சூடுபட்டவன் நான். இணையத்தில் சகுரா, அதாவது ஜப்பான் செரி, விதை வாங்கி மூன்று மாதம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். பத்தில் இரண்டு முளைத்தன. விதையை ஏமாற்றிவிடலாம், மரத்தை ஆண்டுதோறும் குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ள முடியுமா? ஒன்று செத்துவிட்டது, மற்றது குச்சியாக நிற்கிறது.

வெள்ளவத்தை மூன்றாம் மாடி:
இலைகள் சோடி சோடியாகத்தான் இருக்கின்றன, விளிம்பில் பல் இல்லை. சித்திரையில் இளஞ்சிவப்பாகப் பூத்தது. இதழ் ஓரம் கசங்கிய கடதாசிபோல் இருந்தது. இரண்டு பழமும் வந்தன. சிவப்பு, மூன்று மடிப்பு, உள்ளே மூன்று விதை, நல்ல புளிப்பு.

பத்தரமுல்லைக் கன்றுக்காரன்:
அப்படியானால் அது பார்படோஸ் செரி. பெயரில் மட்டும்தான் செரி, ரோசாக் குடும்பத்துச் சகுராவுக்கும் இதற்கும் உறவே இல்லை. கரீபியன் பக்கத்து மரம், எங்கள் வெய்யில் அதற்குப் பழக்கமானதுதான். ஆகவே ஜப்பான் போன்சாய் நாட்காட்டியைப் பார்த்து எதுவும் செய்யாதீர்கள்.

புள்ளி நீங்கள் சொல்கிற மாதிரி இருந்தால் பங்கசு இலைப்புள்ளி நோயாகத்தான் இருக்கும். செர்கோஸ்போரா என்ற பங்கசு இந்த மரத்தில் வழக்கமாக வருவது. ஆனால் பல்கனி கடலைப் பார்க்கிறது என்பதால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: இலை ஓரம் மட்டும் கருகினால் அது உப்புக் காற்று, அதற்கு மருந்து அடிப்பது வீண்.

மன்கோசெப் இலைமேல் போர்த்துகிற சட்டை மாதிரி. புதிய வித்திகள் முளைக்காமல் தடுக்கும், விழுந்த புள்ளியை அழிக்காது. பழைய இலையைப் பார்த்து ஏங்காமல், புதுத் தளிரில் புள்ளி வருகிறதா என்று பாருங்கள். தெளித்த அன்றே மழை அடித்தால் பாதி கழுவுண்டு போயிருக்கும். எல்லாவற்றையும் விட, மாலையில் இலையை நனைப்பதை நிறுத்துங்கள். விடியும்வரை ஈரமான இலை பங்கசுக்கு விருந்து. காலையில், மண்ணுக்கு மட்டும் விடுங்கள். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிப் பையில் கட்டிக் குப்பைக்குப் போடுங்கள், கூட்டெருவில் சேர்க்காதீர்கள். கறுவாத்தூள் சோற்றுக்கு.

தெகிவளை மொட்டைமாடி அக்கா:
சாடிக்குக் கீழே தட்டு வைத்திருக்கிறீர்களா தம்பி? மண் ஈரமாக இருக்கும்போதே தளிர் தொங்குகிறதா? ஒரு தடித்த ஈர்க்கை அடிவரை குத்தி, பத்து நிமிடம் விட்டு எடுத்து முகர்ந்து பாருங்கள். எனக்கு இந்தத் தட்டு விவகாரம் மரத்தால் தெரியவில்லை. டெங்கு பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர் நுளம்புக் குடம்பியைக் காட்டி ஏசிய பிறகுதான் தெரிந்தது.

வெள்ளவத்தை மூன்றாம் மாடி:
அக்கா, தட்டு இருந்தது, தண்ணீரும் இருந்தது. ஈர்க்கில் வாய்க்கால் நாற்றம். பயந்துபோய் மரத்தைக் கழற்றினேன். அடியில் களிமண் கட்டியாக இருந்து வடிகால் ஓட்டையை அடைத்திருக்கிறது. கறுத்த வேர்களை விரலால் பிடித்து இழுத்தால் தோல் உறைபோல் கழன்று வர, உள்ளே நூல்தான் மிஞ்சுகிறது. மூன்றில் ஒரு பங்கு அப்படி.

தெகிவளை மொட்டைமாடி அக்கா:
மூன்றில் இரண்டு பங்கு நல்ல வேர் இருக்கிறதே, பிழைக்கும். கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்து, வெளிறிய உறுதியான வேர் வரும்வரை அழுகலை வெட்டுங்கள். பழைய மண் வேண்டாம். செங்கல்லை உடைத்துச் சலித்து, 3 முதல் 5 மில்லிமீற்றர் துண்டுகளை எடுத்து, தூளைக் கொட்டிவிடுங்கள். அதோடு கொஞ்சம் ஆற்றுமணலும் கூட்டெருவும் சேர்த்தால் போதும். மரம் ஆடாமல் கம்பியால் சாடியோடு கட்டுங்கள். மழை படாத, வெளிச்சமுள்ள இடத்தில் வையுங்கள். புதுத் தளிர் வரும்வரை பசளை போடவே கூடாது. இந்த விடயத்தில் பாசம்தான் எமன்.

வெள்ளவத்தை மூன்றாம் மாடி:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் பத்து நாள் இலை கொட்டித் தள்ளியது, அம்மா துக்க வீட்டு முகத்தோடு திரிந்தார். இப்போது பதினொரு தளிர் எண்ணினேன், இரண்டில் மட்டும் புள்ளி. கீழ்க்கிளை ஒன்று காய்ந்துவிட்டது, நகத்தால் சுரண்டினால் பச்சை இல்லை. வெட்டலாமா?

நுகேகொடை விதைப் பைத்தியம்:
செரியை வெட்டுபவன் மடையன், உமே என்ற ஜப்பானியப் பிளம் மரத்தை வெட்டாதவன் மடையன் என்று ஜப்பானில் பழமொழியே இருக்கிறது. வெட்டிய காயத்தால் அழுகல் ஏறிவிடுமாம்.

பத்தரமுல்லைக் கன்றுக்காரன்:
அது உங்கள் குச்சிக்குப் பொருந்தும் அண்ணா. இவருடைய மரம் வெட்டுக்கு அஞ்சாது. ஆனால் வேர் இப்போதுதான் பிடிக்கிறது, மழையும் விட்டபாடில்லை. காய்ந்த கிளை எங்கும் ஓடிவிடாது. தை பிறக்கட்டும் தம்பி, கத்தரிக்கோலை அப்போது எடுங்கள்.