ஆடிப் பண்டிகை லீவும் மலையில் நின்றுபோகும் பத்மினியும்

கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்குச் சேலத்தில் உள்ளூர் விடுமுறை உண்டு. ஊரே பொங்கல் வைக்கக் கிளம்ப, போன வருஷம் அந்த லீவை நான் 1986 மாடல் பிரீமியர் பத்மினியின் பானெட்டுக்குள் தலையை விட்டபடி கழித்தேன். அப்பா ஓட்டிய வண்டி. 1089 சிசி, ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர். விற்கச் சொல்லாத சொந்தக்காரர் யாரும் இல்லை.

கோளாறு இதுதான். அஸ்தம்பட்டிக்கும் ஐந்து ரோட்டுக்கும் நாளெல்லாம் அலைந்தாலும் ஒன்றும் செய்யாது. ஏற்காடு மலைப்பாதையில் ஐந்தாறு கொண்டை ஊசி வளைவு ஏறியதும் ரெண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிடும். அரை மணி நேரம் ஓரங்கட்டினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்: வேப்பர் லாக். பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டியே இருப்பதால், ஏற்றத்தில் செகண்ட் கியரில் உறுமும்போது அந்தச் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் அடித்தாலும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்குப் போய்ச் சேராது. வைத்தியம், பம்ப் மேல் ஈரத்துணி. ஒரு வருஷமாக டிக்கியில் பழைய வேட்டிக் கிழிசலும் ரெண்டு பாட்டில் தண்ணீரும் வைத்துக்கொண்டு திரிந்தேன். துணி போடுவேன், அரை மணியில் வண்டி கிளம்பும். துணியால்தான் என்று நம்பினேன். போடாமல் ஒருமுறை இருந்து பார்க்கத் தோன்றவில்லை பாருங்கள்.

அன்று காலை ஆறரைக்கே கார்புரேட்டரைக் கழற்றினேன். ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் காபி டிகாக்‌ஷன் மண்டி மாதிரி ஒரு படிவு. பிடித்துவிட்டேன் திருடனை என்று சந்தோஷம். ஜெட்டை ஊதி, கேஸ்கெட் மாற்றி, மாட்டி முடிக்க மணி பதினொன்று. "கண்ணு, கோயிலுக்குத்தான் வரல, சோத்தையாவது தின்னுட்டு அதக் கட்டிக்கிட்டு அழு" என்று அம்மா ரெண்டு தரம் சொல்லிவிட்டார்.

கோயிலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த மெக்கானிக் அண்ணன் முழுக் கதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "நின்னப்போ பிளக் ஒயரக் கழட்டிப் பாத்தீங்களா?" பொறி வருகிறதா என்று பார்க்கவில்லை. சோதித்ததெல்லாம் வீட்டில், வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான்.

சாப்பிட்டுவிட்டு நேரே அடிவாரம். ஆறாவது வளைவு தாண்டியதும் சொல்லிவைத்த மாதிரி நின்றது. இந்த முறை துணியைத் தொடவில்லை. கார்புரேட்டருக்குப் போகும் டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, தம்பியை ரெண்டு சுற்று செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பெட்ரோல் தாராளமாக வந்தது. டியூபை மாட்டி, பாட்டிலை மூடித் தூரமாக வைத்து, சிந்தியதைத் துடைத்து, வாசனை போகும்வரை காத்திருந்த பிறகுதான் பிளக் ஒயர். இந்த வரிசையை யாரும் மாற்றிவிடாதீர்கள். நீலமாக 'டிக் டிக்' என்று தாவ வேண்டிய பொறி, மஞ்சளாக நூல் மாதிரி வந்தது. பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால், உள்ளே சேர்ந்து பிரியும் சுவிட்சான பாயின்டின் ஒரு முகத்தில் கடுகளவு மேடு, எதிர் முகத்தில் அதே அளவு குழி.

கண்டன்சர்! பாயின்ட் பிரியும்போது அங்கே பொறி பறக்காமல் மின்சாரத்தை வாங்கிக்கொள்வது அதன் வேலை. உள்ளே பழுதானது சூடேறும்வரை சமாளிக்கும், சூடானதும் கைவிடும், ஆறினால் மறுபடி வேலை செய்யும். வேப்பர் லாக்குக்கும் இதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

பண்டிகை நாள், ஸ்பேர் கடை ஒன்றும் திறந்திருக்காது. போன் போட்டேன். நெற்றியில் குங்குமத்தோடு அண்ணன் டிவிஎஸ் 50-யில் மலையேறி வந்தார். சட்டைப்பையில் பல்பொடி டப்பா, அதற்குள் நாலு கண்டன்சர். "புதுச நம்பாதீங்க தம்பி. இது ஓடுன வண்டில கழட்டுனது." பாயின்டை உப்புத்தாளால் தேய்த்து, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து 0.4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, கால் மணியில் முடித்துவிட்டார். இருபது வளைவும் நிற்காமல் ஏறி ஏரி வரைக்கும் போனோம். தம்பிதான் பாவம், பொங்கலும் போச்சு, லீவும் போச்சு. அவனுக்கு ரெண்டு தட்டுவடை செட் கடன்.

உங்களுக்கும் இப்படி ஏமாந்த கதை இருந்தால் எழுதுங்கள்.

ஏற்காட்டிலிருந்து ஒருவர்:
உங்களுக்குச் சூடு, எங்களுக்கு ஈரம். என்னிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மெட்ராஸில் செய்த வண்டி. பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகத் திறக்கும், டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அந்தச் சுகத்துக்காகவே வைத்திருக்கிறேன். பனிமூட்டமான காலையில் ஸ்டார்ட் ஆகாமல் பேட்டரியைத் தின்றுகொண்டிருந்தது. கடைசியில் பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் முத்து முத்தாகத் தண்ணீர். இப்போதெல்லாம் ராத்திரி மூடியைக் கழற்றி அடுப்படியில் வைத்துவிடுகிறேன். வீட்டம்மா அதைக் கிண்ணம் என்று நினைத்து ஒருநாள் விளக்கிவிட்டார்.

அம்மாப்பேட்டையிலிருந்து:
நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு எல்லாரும் கண்டன்சரை மாற்றக் கிளம்பப் போகிறார்கள். என் அம்பாசடரில் நிஜமாகவே வேப்பர் லாக்தான். பெட்ரோல் பைப், புகை போகும் சூடான சைலன்சர் மேனிஃபோல்டுக்கு விரற்கடை தூரத்தில் போயிருந்தது. வளைத்துத் தள்ளிக் கட்டியதும் சரியாகிவிட்டது. ஈரத்துணியை ஒரேயடியாகத் திட்டாதீர்கள்.

பத்மினிக்காரர்:
திட்டவில்லை அண்ணா, துணி இன்னும் டிக்கியில்தான் இருக்கிறது. பக்கத்தில் ஒரு பல்பொடி டப்பாவும்.